வாரிசும் பயனாளியும்: வட சிலாங்கூர்த் தோட்டங்களில் பெற்றோர் உடைமையின் வரலாறு

மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் தந்தையோ தாயோ மறைந்தபின் நடக்கும் பேச்சில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். சேமநிதிப் பாரத்தில் யார் வாரிசு? காப்புறுதியில் யார் வாரிசு? நிலத்துக்கு யார் வாரிசு? இம்மூன்று வினாக்களிலும் சொல் ஒன்றே. ஆனால் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியும் ஆள் மூன்று இடங்களிலும் ஒருவரல்லர். ஓரிடத்தில் அவர் பணத்தைத் தமக்கென்றே பெறுகிறார். மற்றோரிடத்தில் பிறருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதற்காகவே பெறுகிறார். பின்னும் ஓரிடத்தில் நீதிமன்றமோ நில அலுவலகமோ அவரை ஏற்கும்வரை அவருக்குக் கையில் ஒன்றும் இல்லை. பெற்றோர் தாம் உயிரோடிருக்கும்போதே பிறர் பொறுப்பில் ஒப்படைத்துச் சென்ற உடைமையில் பிள்ளைகளுக்குள்ள உரிமை எத்தகையது என்பதே இவ்வுரையின் பொருள். அதனைக் கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர் வட்டாரத் தோட்ட மக்களின் வரலாற்றோடு சேர்த்துக் காண முயல்வோம். சட்டம் பயின்றோர் சொல்ல வேண்டியதை மொழியியல் பயின்ற நாம் ஏன் சொல்ல வருகிறோம் என்றால், இவ்வுரிமை பல குடும்பங்களில் நழுவிப்போனது சொல்லாலும் எழுத்தாலுமே என்பது நம் கருத்து.

‘வாரிசு’ தமிழ்ச் சொல்லன்று. அரபியில் தோன்றி, இந்துஸ்தானி வழியாகத் தமிழ்நாட்டு வருவாய்த்துறை வழக்கில் புகுந்து, அங்கிருந்து பொதுவழக்கானது. அதே அரபுச் சொல் வேறு வழியாக மலாய்மொழிக்குள்ளும் சென்று ‘வாரிஸ்’ என நிலைத்தது. மலாயாத் தோட்டங்களில் இவ்விரண்டும் சந்தித்தபோது ஒலி ஒத்தது. பொருள் முழுதும் ஒக்கவில்லை. மலாய் ‘வாரிஸ்’ அன்றாட வழக்கில் நெருங்கிய உறவினரையும் குறிக்கும். மருத்துவமனைப் பாரத்தில் ‘வாரிஸ்’ என்றிருந்தால் அவசரத்துக்கு யாரை அழைப்பது என்பதே வினா; சொத்து அங்கே பேச்சில்லை. தமிழில் ‘வாரிசு’ என்றாலோ சொத்துக்கு உடையவர் என்னும் பொருளே முந்தி நிற்கும். பாரத்தில் தம் பெயரைக் கண்ட மூத்த மகன், சொத்தே தமக்கு எழுதப்பட்டதாக எண்ணியதற்கு இவ்வொலி ஒற்றுமையும் ஒரு காரணம். ‘நியமிக்கப்பட்டவர்’ என்பதற்கு மலாயில் வழங்கும் ‘பெனாமா’ என்னும் சொல்லையும் தமிழர் ‘வாரிசு’ என்றே பெயர்த்துக்கொண்டனர். பெனாமாவின் வேர் ‘நாமா’, அதாவது நாமம். பெயர் குறிக்கப்பட்டவர் என்பதற்கு மேல் அச்சொல் ஒன்றும் சொல்வதில்லை.

தமிழில் இத்துறைக்குச் சொல் இல்லாமலில்லை. தாயம், தாயத்தார், தாயாதி முதலியன வடமொழித் தொடர்பில் வந்து நெடுங்காலம் வழங்கியவை. அவை பிறப்பால் வரும் பங்கினைக் குறிப்பன. ஒருவர் பொருளை மற்றொருவர் காத்து மூன்றாமவருக்குப் பயன்படுத்தும் ஏற்பாட்டினைக் குறிக்க அவை உதவா. ஆயினும் அவ்வேற்பாடு தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை என்றே ஒரு காதை உண்டு. கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் அவ்விடத்தில், அடைக்கலம் பெற்றவர்க்குக் காக்கும் கடன் உண்டு, தம் விருப்பம்போல் நடக்கும் உரிமை இல்லை என்பது தெளிவு. சோழர் கல்வெட்டுகளில் வரும் ‘சாவா மூவாப் பேராடு’ இன்னும் பொருத்தமான சான்று. கோயிலில் நந்தா விளக்கெரிக்க ஒருவர் ஆடுகளை அளிப்பார். 96 என்பது அடிக்கடி காணப்படும் எண். அவற்றை ஓர் இடையர் பெற்று நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், மூக்கும். ஆனால் கணக்கில் அது சாகவும் கூடாது, மூக்கவும் கூடாது. ஈன்ற குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிலைநிறுத்துவது இடையரின் கடமை. முதல் குறையாமல் பயன் மட்டும் உரியவர்க்குச் செல்லும் இம்முறையை இன்றைய சட்டநூலில் தேடினால் ‘டிரஸ்ட்’ என்னும் தலைப்பின்கீழ்க் காணலாம்.

அவ்வாங்கிலச் சொல்லுக்கு மலேசியாவில் மலாய்ச் சொல் ‘அமானா’. அதுவும் அரபு, நம் பழைய ‘அமானத்து’, தமிழ் முஸ்லிம்களின் ‘அமானிதம்’ ஆகியவற்றின் உடன்பிறப்பு. தமிழில் ‘அறக்கட்டளை’ என்று எழுதுகிறோம். அச்சொல்லில் அறம் கலந்திருப்பதால் கேட்போர் கோயிலையும் கல்வி நிதியையும் நினைக்கின்றனர். தந்தை பிள்ளைகளுக்காகச் செய்துவைக்கும் ஏற்பாடு அவர்கள் மனத்தில் தோன்றுவதில்லை. தோட்டத்தில் ‘டிரஸ்டி’ என்றால் மாரியம்மன் கோயில் நிர்வாகத்தில் இருப்பவர் என்றே பொருள். ஆகவே இவ்வுரையில் குடும்ப ஏற்பாட்டினைப் ‘பொறுப்பாட்சி’ என்றும், அதனை நடத்துபவரைப் ‘பொறுப்பாளர்’ என்றும், அதன் பயன் சேர வேண்டியவரைப் ‘பயனாளி’ என்றும் வழங்குவோம்.

இனித் தோட்டத்திற்குச் செல்வோம். கோல சிலாங்கூர் மாவட்டத்தின் பத்தாங் பெர்ஜுந்தை, இன்றைய பெஸ்தாரி ஜெயா, அருகிலுள்ள தெனமாரம் தோட்டத்தில்தான் 1917ஆம் ஆண்டு மலாயாவின் முதல் வணிக எண்ணெய்ப்பனை நடவு நிகழ்ந்தது. அதனைச் செய்தவர் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோகோனியே. இவ்வட்டாரத் தோட்ட வாழ்வை வைத்து அவர் எழுதிய நாவல் 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசு பெற்றது. அந்நாவலின் புகழ் பிரான்சிலும், பனையின் வருவாய் கம்பெனிக் கணக்கிலும் சேர்ந்தன. அம்மரங்களை நட்டும் ரப்பர் வெட்டியும் வாழ்ந்தவர் இறந்தபோது அவர் பிள்ளைகளுக்கு என்ன சேர்ந்தது என்னும் வினாவை அக்காலத்தில் எவரும் எழுப்பியதாகத் தெரியவில்லை. எழுப்பியிருந்தாலும் விடை சிறியதே. லயத்து வீடு தோட்டத்தினுடையது. வேலை இருக்கும்வரை குடியிருப்பு, வேலை நின்றால் வீடு காலி. நிலம் இல்லை. மாடு ஒன்றிரண்டு, மனைவி கழுத்திலும் காதிலும் இருந்த பொன், கூட்டுச் சீட்டில் கட்டிய சில வெள்ளி, மளிகைக் கடைக் கணக்கில் பாக்கி. இவற்றைப் பங்கிட நீதிமன்றம் வேண்டியதில்லை. தண்டலும் ஊர்ப் பெரியவர் இருவரும் போதும்.

இந்நிலையை மாற்றியது நிலமோ வீடோ அன்று. அதனைத் தாள் மாற்றிற்று. 1951இல் ஊழியர் சேமநிதிச் சட்டம் வந்தது. சம்பளத்தில் ஒரு பகுதி, முதலாளி தரப்பில் ஒரு பகுதி என மாதந்தோறும் ஒருவர் பெயரில் பணம் சேரலாயிற்று. 1950களில் தோட்டத் துண்டாடல் தொடங்கி, வெள்ளையர் கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் சிறு துண்டுகளாகக் கைமாறித் தொழிலாளர் வேலையும் வீடும் இழந்தபோது, வீ. தி. சம்பந்தனார் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளி செலுத்திப் பங்கு வாங்கிய தோட்டத் தொழிலாளி, தாம் மிதித்த மண்ணில் முதன்முறையாக ஒரு பங்குக்கு உடையவரானார். 1969இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தோட்ட வழக்கில் அது சொக்சோ. வேலையிடத்து விபத்தில் இறந்தவரின் சார்ந்தோர்க்கு அது வழங்கும் தொகையில் துணைவர்க்கு ஐந்தில் மூன்று பங்கும் பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு பங்கும் எனச் சட்டமே பிரித்துவைத்தது. பின்னர்க் காப்புறுதி முகவர் சம்பள நாளில் அலுவலக வாசலில் நின்று பத்திரம் விற்றார். இரண்டு தலைமுறைக்குள் ரப்பர் வெட்டுபவரின் மரணத்துக்குப் பின் நான்கைந்து அலுவலகங்கள் கேட்கும் நான்கைந்து பாரங்கள் உருவாயின. ஒவ்வொன்றிலும் ‘பெனாமா’ என்று ஒரு கட்டம் இருந்தது. கட்டத்தை நிரப்பியவர் பெரும்பாலும் கிராணி.

இவற்றுள் காப்புறுதியே நம் பொருளுக்கு மையமானது. ஏனெனில் தோட்டக் குடும்பம் வழக்கறிஞர் முன் அமர்ந்து எழுதாத பொறுப்பாட்சியை, அதற்கே தெரியாமல், காப்புறுதிப் பாரத்தின் வழி சட்டம் உண்டாக்கிவைக்கிறது. ஒருவர் தம் மனைவிக்கும் மக்களுக்குமென எடுத்த காப்புறுதி அவர்களுக்கான பொறுப்பாட்சியாகும் என்பதை 1956ஆம் ஆண்டுக் குடிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு கூறியது. 1996ஆம் ஆண்டுக் காப்புறுதிச் சட்டம் அதனை விரித்தது. இன்று 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின் பத்தாம் அட்டவணையில் அவ்விதி உள்ளது. முஸ்லிம் அல்லாத ஒருவர் தம் துணைவரையோ பிள்ளையையோ, துணைவரும் பிள்ளையும் இல்லாதபோது பெற்றோரையோ நியமித்தால், அந்நியமனம் பொறுப்பாட்சியாகிறது. அத்தொகை இறந்தவரின் சொத்தில் சேராது. அவர் கடனுக்காக எவரும் அதில் கைவைக்க இயலாது. பொறுப்பாளரின் எழுத்திசைவின்றி அவர் தாமே அந்நியமனத்தை மாற்றவும் இயலாது. பயனாளி சிறுவராயிருந்து, பொறுப்பாளர் என எவரும் குறிக்கப்படாவிட்டால், உயிரோடிருக்கும் தாயோ தந்தையோ பொறுப்பாளராவர்.

அதே பாரத்தில், அதே கட்டத்தில், தம் அண்ணனையோ மைத்துனரையோ எழுதினால் நிலை தலைகீழாகும். அவர் பணத்தைப் பெறுவார். ஆனால் தமக்காக அன்று. உயிலை நிறைவேற்றுபவரைப்போல் பெற்று, உயில் இருந்தால் அதன்படியும் இல்லையேல் பங்கீட்டுச் சட்டப்படியும் உரியவர்க்குக் கொடுக்க வேண்டியவர் அவர். இங்கேதான் நம் உறவுமுறை சட்டத்தோடு மோதுகிறது. பிள்ளைகள் சிறியவர், தாம் இல்லாதுபோனால் அவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் தாய்மாமன், ஆகவே அவர் பெயர் இருக்கட்டும் என்று எழுதிய தந்தையர் பலர். தமிழ் உறவுமுறையில் இதைவிடப் பொருத்தமான தேர்வு இல்லை. அத்தந்தை எண்ணியது அடைக்கலம். பிள்ளைகளுக்காக மாமன் காக்க வேண்டும் என்பதே. சட்டமும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது. ஆனால் மாமனோ தம்மை ‘வாரிசு’ என்றே கேள்விப்பட்டிருப்பார். சேமநிதியில் முஸ்லிம் அல்லாதவரின் நியமனம் வேறு வகை. அங்கே பெயர் குறிக்கப்பட்டவர் தொகையைத் தமக்கே உரியதாகப் பெறுகிறார். மூத்த மகனை மட்டும் நியமித்திருந்தால் தங்கையின் படிப்புக்கும் தம்பியின் திருமணத்துக்கும் அவர் கொடுப்பது பாசத்தால். கேட்டுப் பெறும் சட்ட உரிமை மற்றவர்க்கு இல்லை. ஆக, சேமநிதிப் பாரத்து மாமன் உடையவர், காப்புறுதிப் பாரத்து மாமன் வெறும் கைமாற்றுபவர். ஒரே ஆள், ஒரே நாள், ஒரே கிராணி நிரப்பிய இரு பாரங்கள்.

பயனாளி என்பவருக்கு அப்படியென்ன உரிமை உண்டு? பொறுப்பாட்சி இங்கிலாந்தில் நிலவுடைமையாளர் தம் நிலத்தை நண்பர் பெயரில் மாற்றிக் குடும்பத்தின் பயனுக்கு வைத்த வழக்கிலிருந்து வளர்ந்தது. மன்னர் எட்டாம் ஹென்றி தமக்கு வரும் வருவாய் குறைவது கண்டு 1536இல் சட்டமியற்றி அதனை அடக்க முயன்றும் அது அழியவில்லை. பெயரளவில் உடைமை ஒருவரிடமும் பயன் மற்றொருவரிடமும் இருக்கலாம் என்னும் கொள்கை நிலைத்துவிட்டது. 1726ஆம் ஆண்டின் கீச் எதிர் சேன்ட்ஃபோர்டு வழக்கு மாணவர்க்குச் சொல்லத்தக்கது. ரோம்ஃபோர்டு சந்தையின் குத்தகை ஒரு சிறுவனுக்காகப் பொறுப்பாளர் ஒருவரிடம் இருந்தது. காலம் முடிந்தபோது சிறுவனுக்குப் புதுப்பித்துத் தர உரிமையாளர் மறுத்தார். பொறுப்பாளர் அதனைத் தமக்கென்று எடுத்துக்கொண்டார். அவர் வஞ்சகம் செய்ததாக எவரும் சொல்லவில்லை. சிறுவனுக்குக் கிடைக்காததைத்தான் அவர் எடுத்தார். அப்படியும் நீதிமன்றம் விடவில்லை. உலகில் அக்குத்தகையை எடுக்கக்கூடாத ஒரே ஆள் அப்பொறுப்பாளரே என்னும் கருத்தில், குத்தகையும் அதன் ஆதாயமும் சிறுவனுக்கே என்று தீர்ப்பாயிற்று. இச்சட்ட மரபே மலாயாவுக்கும் வந்தது. இன்றைய மலேசியாவில் 1949ஆம் ஆண்டுப் பொறுப்பாளர் சட்டம் அதன் எலும்புக்கூடு.

வழக்கறிஞர் வழி முறையாக எழுதப்படும் வாழ்நாள் பொறுப்பாட்சியில், தந்தை உயிரோடிருக்கும்போதே நிலத்தையோ பணத்தையோ பொறுப்பாளர் கைக்கு மாற்றுகிறார். ஆவணம் இடங்கொடுத்தால் அவர் வாழும்வரை அதனைத் திருத்தலாம், நீக்கலாம். அவர் மறைந்தபின் அது உறைந்துவிடுகிறது. அன்று முதல் பிள்ளைகள் பொறுப்பாளரைக் கேள்வி கேட்க உரியவராகின்றனர். கணக்குக் காட்டச் சொல்லலாம். ஆவணத்தின்படி நடக்க வற்புறுத்தலாம். ஒரு பிள்ளைக்குச் சாய்ந்து மற்றொரு பிள்ளையைப் புறக்கணித்தால் உயர்நீதிமன்றத்தை நாடலாம். அது பொறுப்பாளரை மாற்றவும் கூடும். ஆவணங்களைக் காணும் உரிமை வரம்பற்றதன்று. எதைக் காட்டுவது என்பதை நீதிமன்றம் தன் மேற்பார்வை அதிகாரத்தால் முடிவு செய்யும் என்று 2003இல் பிரிவி கவுன்சில் ஷ்மிட் வழக்கில் விளக்கியது. பயனாளிகள் அனைவரும் வயது வந்தவராய், முழு உரிமையும் தமக்கேயாய், ஒருமனதாய் இருந்தால் பொறுப்பாட்சியை முடித்துப் பொருளைப் பெறலாம் என்பது 1841ஆம் ஆண்டுத் தீர்ப்பிலிருந்து வரும் விதி. அண்ணன் தம்பியர் ஒருமனதாவது எளிதா என்பது வேறு வினா.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆவணத்தில் எழுதிவிட்டால் போதாது. பொருள் கைமாறியிருக்க வேண்டும். நிலமாயின், 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தின்படி பொறுப்பாளர் என்னும் குறிப்போடு அவர் பெயர் பத்திரத்தில் ஏற வேண்டும். தந்தை பெயரிலேயே கிடந்த நிலம், எத்தனை அழகாக ஆவணம் எழுதியிருந்தாலும், அவர் மறைவுக்குப் பின் சாதாரணச் சொத்தாகி நில அலுவலகத்துக்குச் செல்லும். அங்கே ‘வாரிசு’ மட்டுமே உண்டு. அவருடைய உரிமை பயனாளியின் உரிமையினும் மெலிது. பங்கீடு முடியும்வரை குறிப்பிட்ட எந்தப் பொருளும் அவருடையதன்று. சொத்து முறையாக நிர்வகிக்கப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமையே அவருக்குள்ளது.

உயிலும் பொறுப்பாட்சியும் இல்லாதபோது முஸ்லிம் அல்லாதவர்க்குப் பொருந்துவது 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம். அதன் பழைய வடிவத்தில் மனைவி இறந்தால் அவர் சொத்து முழுதும் கணவர்க்கு. கணவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மீதி. பிள்ளைகள் இருக்கும்போது முதிய பெற்றோர்க்கு ஒன்றுமில்லை. 1997இன் திருத்தம் இவ்விரு குறைகளையும் களைந்தது. கணவனும் மனைவியும் சமமாயினர். துணைவர், பிள்ளைகள், பெற்றோர் மூவரும் இருந்தால் முறையே கால், அரை, கால் என்றாயிற்று. தோட்டத்தில் மகன் விபத்தில் இறந்து, மருமகளும் மாமியாரும் ஒரே லயத்தில் தனித்து நின்ற குடும்பங்களுக்கு இத்திருத்தம் பெரிது. மகளுக்கும் மகனுக்கும் இச்சட்டத்தில் வேற்றுமை தொடக்கம் முதலே இல்லை. தமிழ்நாட்டில் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு 1989ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் வந்தது. அங்கிருந்து வந்த பழைய எண்ணத்தோடு, ‘சீர் செய்து அனுப்பிய பெண்ணுக்கு என்ன பங்கு’ என்று இங்கே பேசுவோர் இன்னும் உளர். தமிழகச் செய்தித்தாளில் வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழைப் பற்றிப் படித்துவிட்டு, அதுபோன்ற ஒன்றைக் கோல சிலாங்கூர் நில அலுவலகத்தில் கேட்டு நிற்போரும் உளர். மலேசியாவில் அப்படியொரு தாள் இல்லை.

இச்சட்டத்தில் ‘பிள்ளை’ என்பதற்கும் ஒரு வரையறை உண்டு. முறையான திருமணத்தில் பிறந்தவரும், 1952ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டப்படி நீதிமன்ற ஆணையால் தத்தெடுக்கப்பட்டவருமே பிள்ளை. தோட்டத்தில் ‘எடுத்து வளர்த்த பிள்ளை’ ஏராளம்; இறந்த தங்கையின் மகள், பக்கத்து லயத்துக் கைக்குழந்தை. அவர்களைக் குடும்பம் வேறாக நினைத்ததில்லை. வளர்ப்பைப் பதிவு மட்டும் செய்துகொள்ளும் வேறொரு சட்டமும் அதே 1952இல் வந்தது. அப்பதிவு சொத்துரிமை தராது. இரண்டுக்கும் தமிழில் ‘தத்துப் பத்திரம்’ என்ற ஒரே பெயர். வளர்ப்பு மகளுக்கு ஏதேனும் சேர வேண்டுமென்றால் உயிலோ வாழ்நாள் பொறுப்பாட்சியோதான் வழி. 1982 மார்ச் முதல் நாளுக்குப் பின் கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாமல் விட்ட திருமணங்களிலும் இதே இடர் உண்டு. மனைவி என்பது ஊருக்குத் தெரியும். பாரம் ஊரைக் கேட்பதில்லை.

இனி எழுத்தைப் பற்றி. நம் துறைக்கு இதுவே அணுக்கமானது. உரிமை இருப்பது ஒன்று, உரியவர் தாமே என்று காட்டுவது மற்றொன்று. மலேசியத் தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லை. மகன் பெயருக்குப்பின் ‘அனாக் லெலாக்கி’, மகள் பெயருக்குப்பின் ‘அனாக் பெரெம்புவான்’ என்றெழுதித் தந்தை பெயரைச் சேர்ப்பது முறை. ஆகவே பிள்ளையின் பிறப்புப் பத்திரத்திலுள்ள தந்தை பெயரும் தந்தையின் அடையாள அட்டையிலுள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்தால்தான் சங்கிலி அறாது. ஒத்ததா? அவசரகாலத்தின் தொடக்கத்தில், 1948இல், அடையாள அட்டைக்காக நாடு முழுதும் பெயர் பதிந்தனர். பிறப்பைப் பதிந்தது வேறு ஆண்டு, வேறு அலுவலகம். எழுதியவர் ஒரு முறை யாழ்ப்பாணத்தார், ஒரு முறை மலையாளி, ஒரு முறை மலாய்க்காரர். பெயர் சொன்னவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். தம் ஊர் வழக்கில் சொன்னார்.

தமிழ் எழுத்தில் ‘ப’ ஒன்றே இரண்டு ஒலிக்கும் நிற்கும். உரோமன் எழுத்தில் ‘பி’ இரண்டு. ‘க’வுக்குக் ‘கே’யும் ‘ஜி’யும் உண்டு, ‘த’வுக்கு ‘டி’ இரண்டோடு, பின்னே ‘எச்’ சேர்ப்பதா விடுவதா என்ற ஐயமும் உண்டு. கோவிந்தசாமி என்னும் ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். முதலெழுத்து இரு வகை, இறுதியில் ‘சாமி’யின் இகரத்துக்கு ‘ஐ’, ‘ஒய்’, இரட்டை ‘ஈ’ என மூவகை; நடுவிலுள்ள ‘வி’யை விட்டாலும் கணக்கில் ஆறு வடிவம். லெட்சுமி என்னும் பெயர்க்கு இதனினும் பல வடிவங்கள். மலேசியாவில் அவற்றைக் கண்டிராத ஆசிரியர் இருக்கமாட்டார். முனியாண்டியின் முகரம் ஒரு பத்திரத்தில் ‘யூ’வாகவும் மற்றொன்றில் ‘ஓ’வாகவும் இருந்தால் கணினிக்கு அவர்கள் இரு மனிதர். வியப்பு என்னவெனில், அதே குடும்பத்தின் பெயர் தோட்டத் தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் தமிழில் எழுதப்பட்டிருந்தால் அண்ணனுக்கும் தங்கைக்கும் தந்தை பெயர் ஒரே வடிவில் இருக்கும். தமிழில் ஒன்றாயிருந்தது உரோமன் எழுத்தில் பலவாகச் சிதறியது. பெயரே வைக்காத நிலையில் பதிந்த ‘பாப்பா’ போன்ற பெயர்களும், வீட்டில் ஒன்றும் அட்டையில் ஒன்றுமாய் வாழ்ந்தோரும் இதற்கு மேல்.

இவ்வேறுபாட்டினைச் சீர்செய்யச் சட்டம் வழி வைத்திருக்கிறது. 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி சத்தியப் பிரமாணம் செய்து, இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று அறிவிக்கலாம். பெரும்பாலான அலுவலகங்கள் கூடுதல் சான்றோடு அதனை ஏற்கின்றன. ஆனால் அதற்குப் பெயருடையவரோ அவரை அறிந்த மூத்தவரோ வேண்டும். தந்தை உயிரோடிருக்கும்போது அரைநாள் வேலை அது. அவர் மறைந்து, அவரை அறிந்த தலைமுறையும் மறைந்து, தோட்டமும் வீடமைப்பு நிலமாக மாறியபின் அது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். பணம் இழக்கப்படுவதில்லை, கேட்பார் இன்றிக் கிடக்கும். கிடக்கும் பணத்தின் உரிமையாளரைக் கண்டறிய ஆசிரியர்கள் உதவலாம் என்பது நம் கருத்து. பழைய பள்ளிப் பதிவேடுகளை எடைக்குப் போடாமல் வைத்திருந்தாலே அது ஓர் உதவி.

ஒப்பீட்டுக்காகக் கோலாலம்பூர் வரை ஒரு முறை சென்று வருவோம். 1873இல் தம்புசாமிப் பிள்ளை தொடங்கிய மாரியம்மன் கோயில் நெடுங்காலம் அவர் குடும்பத்தாரின் கோயிலாகவே இருந்தது. தந்தை கட்டியது மக்களுக்கு வருமா, வழிபடுவோர்க்கு உரியதா என்னும் வழக்கு 1920களில் எழுந்து, அக்கோயில் அறங்காவலர் குழுவின் பொறுப்பில் பொதுமக்களுக்கு வந்தது. வாரிசு வேறு, பொறுப்பாளர் வேறு, பயனாளி வேறு என்பதை மலாயாத் தமிழர் நீதிமன்றத்தில் வைத்தே கற்றுக்கொண்ட நிகழ்ச்சி அது. கோயிலுக்காகக் கற்ற அப்பாகுபாட்டினைத் தம் வீட்டுக்குப் பொருத்திப் பார்க்கும் தேவை அன்று பெரும்பாலோர்க்கு இல்லை. வீட்டில் பிரிக்க ஒன்றுமில்லாதிருந்தது.

இன்று அத்தேவை வந்துவிட்டது. புக்கிட் தாகார் வட்டாரத்தில் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் தமக்கெனச் சொந்த வீடு கேட்டுப் பல்லாண்டு போராடினர். அத்தகைய போராட்டங்கள் வெல்லுமிடத்தெல்லாம், லயத்தில் பிறந்து வளர்ந்த தலைமுறை முதன்முறையாகத் தன் பெயரில் ஓர் அசையாச் சொத்தைப் பெறுகிறது. வீட்டுப் பட்டியலில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஒரு பெயர் எழுதப்படுகிறது. அவர் அறுபதைக் கடந்தவர், பிள்ளைகள் நால்வர், ஒருவர் வளர்ப்பு மகள், மூத்தவர் வீட்டுத் தவணையைக் கட்டுகிறார், இளையவர் பெற்றோரோடு இருக்கிறார். அவ்வீட்டை அவர் உயிலில் எழுதப்போகிறாரா, பொறுப்பாட்சியில் வைக்கப்போகிறாரா, பங்கீட்டுச் சட்டத்துக்கு விடப்போகிறாரா என்பதைப் பேச வேண்டிய காலம் சாவி கைக்கு வரும் நாளே. அப்பேச்சில் ‘வாரிசு யார்’ என்று கேட்காமல், பத்திரத்தில் பெயர் யாருடையது, பயன் யாருக்கு, கணக்குக் காட்ட வேண்டியவர் யார் என்று மூன்றாகப் பிரித்துக் கேட்கும்படி மேல்வகுப்பு மாணவர்க்குச் சொல்லிக்கொடுக்கலாம். பல வீடுகளில் மலாய்ப் பாரத்தைப் படித்துச் சொல்லி நிரப்புபவர் இப்போது கிராணி அல்லர். ஐந்தாம் படிவம் படிக்கும் பேரப்பிள்ளை.